நிமிஷ டீச்சர்

அத்தியாயம் 9

வெள்ளிக்கிழமை காலை. அம்மா சமையலறை ஜன்னலோரம் நின்று, ஆறிப்போன டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் டிபன் பாக்ஸின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள். மூடி அவள் கையிலேயே இருந்தது. சின்னவள் ஷூ லேஸைக் கட்டியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன வீடு இது!" என்றார் அப்பா, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. அவர் லிஃப்ட் மெக்கானிக். "நான் ரிப்பேர் பாக்கற லிஃப்டே தேவலை. நடுவுல நின்னு போச்சுன்னா மணியாவது அடிக்கும். இங்க மூணு பேரும் நடுவுல நின்னுக்கிட்டு சத்தமே போட மாட்டேங்கறீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவர் தானே கொஞ்சம் சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

அவருக்குப் பாதி விஷயம்தான் தெரியும். அம்மா மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. மகள்கள் சின்னவர்களாக இருந்த காலத்திலிருந்தே, சனிக்கிழமை காலையில் ஆய்வகத்தைத் திறந்து, விருப்பப்பட்டு வருகிறவர்களுக்குச் செய்முறை சொல்லிக்கொடுப்பாள். யாரும் செய்யச் சொன்னதில்லை. ஒரு காலத்தில் நிற்க இடம் இருக்காது. இந்த வருடம் கூட்டம் கரைந்துவிட்டது. போன சனிக்கிழமை ஒரே ஒரு பெண் வந்தாள். அவளும் மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க வந்தவள்.

வகுப்பைத் தொடர்வதா, ஆய்வகச் சாவியை வேறு வேலைக்குக் கொடுப்பதா என்று தலைமையாசிரியர் இன்று முடிவு சொல்லப் போகிறார். இவ்வளவும் அப்பாவுக்குத் தெரியும்.

பிள்ளைகள் அம்மாவிடம் வராமல் எங்கே போனார்கள் என்பதும் ஊருக்கே தெரியும். கைபேசியில், 'ஒரு நிமிட வேதியியல்' என்ற சேனலுக்கு. இரண்டு கைகள், ஒரு வெள்ளைப் பீங்கான் ஓடு, கீழே எழுத்து. குரல் கிடையாது, முகம் கிடையாது.

அந்தக் கைகள் பெரியவளுடையவை என்பதுதான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாத மீதி.

"அந்த வீடியோவை நீ ஒரு தடவையாவது பாத்திருக்கியாம்மா?" என்று சின்னவள் கேட்டாள். கேட்டதும் அக்காவின் முறைப்பு முதுகில் பட்டது.

"ஒரு நிமிஷத்துல வேதியியலா?" அம்மா டம்ளரைக் கழுவினாள். "தண்ணி கொதிக்கவே அதுக்கு மேல ஆகும்."

"வேகமா ஓட்டிக் காமிப்பாங்கம்மா."

"அதான் பயமா இருக்கு."

பெரியவள் மூடியைப் பெட்டியின் மேல் அழுத்தினாள். அது சரியாக உட்காரவில்லை. அப்படியே பையில் போட்டுக்கொண்டு வெளியேறினாள்.

*

பன்னிரண்டாம் வகுப்பில் அம்மா அன்று பாடம் எடுக்கவில்லை. ஆய்வகத்துக்கு எல்லோரையும் அழைத்துப் போய், நீள மேசைகளைச் சுற்றி நிற்க வைத்தாள்.

"சுத்தி வளைக்காம கேக்கறேன். சனிக்கிழமை ஏன் யாரும் வர்றதில்ல? மார்க்கைக் குறைக்க மாட்டேன், வீட்டுக்குச் சொல்லி அனுப்ப மாட்டேன். மனசுல இருக்கறதைச் சொல்லுங்க."



கடைசியில் கேப்டன் தொண்டையைச் செருமினான். கால்பந்து அணித் தலைவன். ஆசிரியர்களுக்குக்கூட அவன் கேப்டன்தான்.

"மிஸ், நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்களை நிறுத்த முடியாதே மிஸ்."

"என்னது?"

"வீடியோன்னா புரியலைன்னா நிறுத்தலாம். பின்னாடி போய் மறுபடி பாக்கலாம். உங்களை எப்படி மிஸ் நிறுத்தறது? கையைத் தூக்கினாலே, 'இரு இரு, முடிச்சிடறேன்'னுவீங்க. நீங்க முடிக்கும்போது நான் என்ன கேக்க வந்தேன்னே மறந்து போயிடும்."

வகுப்பு சிரித்தது. அம்மாவுக்கும் உதடு லேசாக விரிந்தது. அவன் செய்து காட்டிய குரல் அவளுடையதே.

கண்ணாடி போட்ட ஒருவன் தைரியம் பெற்றான். "நான் பஸ்லயே படிச்சிடறேன் மிஸ்."

"பரவாயில்லையே."

"ஆனா ஒரு வேதியியல் பாத்துட்டு நிமிர்றதுக்குள்ள வரிசையா பூனை வீடியோவா வந்துடும் மிஸ். நேத்து இறங்க வேண்டிய ஸ்டாப்பையே விட்டுட்டேன்."

மறுபடி சிரிப்பு. அது அடங்கியபோது, பின்வரிசையில் ஒரு பெண் ஏதோ சொன்னாள். அவள் குரல் எப்போதும் பக்கத்து ஆளுக்கே எட்டாது. தோழிகள் வைத்த பெயர் முணுமுணு.

"கொஞ்சம் சத்தமா, கண்ணு."

"ரெண்டாவது தடவ கேட்டா எல்லாரும் சிரிக்கறாங்க மிஸ்," என்றாள் அவள். "வீடியோ எத்தன தடவ பாத்தாலும் சிரிக்காது."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அம்மா அவளைப் பார்த்தாள். தன் வகுப்பில் இவ்வளவு நாளாக அந்தச் சிரிப்பு இருந்திருக்கிறது. கேட்டதாகவே அவளுக்கு நினைவில்லை.

"சரி. வீடியோ பாத்து நல்லாப் புரிஞ்சுதுன்னு சொல்றவங்க ஒருத்தர் முன்னாடி வாங்க."

கேப்டன் வந்தான். மேசைமேல் எல்லாம் தயாராக இருந்தது. தாங்கியில் பொருத்திய நீளமான கண்ணாடிக் குழாய், அதுதான் பியூரெட், அதில் கரும் ஊதாவாகப் பெர்மாங்கனேட் கரைசல். கீழே குடுவையில், அமிலம் கலந்த இரும்பு உப்புக் கரைசல், பார்க்கத் தண்ணீர்போல. பியூரெட்டின் அடியில் உள்ள திருகைத் திறந்தால் ஊதா சொட்டும். குடுவையில் விழுந்ததும் மறையும். மறையாமல் நிற்கிற முதல் இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். பாடம் அவ்வளவுதான்.

அவன் மூச்சு விடாமல் முழுவதையும் சொன்னான். ஒரு சொல்கூடத் தப்பு இல்லை. அம்மா வியந்துதான் போனாள். இதே பையன் போன பருவத்தில் பியூரெட்டைத் தலைகீழாக மாட்டியவன்.

பிறகு திருகைத் திறந்தான். குடுவை ஒரு நொடியில் பீட்ரூட் வேகவைத்த தண்ணீராக ஆனது.

"வீடியோல லேசா பிங்க்கா வந்துச்சு மிஸ்..."

"வாய்க்கு வந்திருக்கு. கைக்கு வரல." அவள் குரலில் கோபம் இல்லை. "அந்த வீடியோவைப் போடு, பாக்கலாம்."

"ஸ்கூலுக்கு ஃபோன் கொண்டு வரக் கூடாது மிஸ்."

"கொண்டு வரலையா?"

"இருக்கு மிஸ்."

கால்பந்துக் காலுறைக்குள்ளிருந்து அது வெளியே வந்தது. சுவரில் இருந்த பெரிய திரையோடு இணைத்தார்கள். அதே வகுப்பில் படிக்கும் சின்னவள், மேசையின் மறுகோடியில் நின்றவள், பேனாவைக் கீழே போட்டுவிட்டு, அதைத் தேடக் குனிந்தாள். ரொம்ப நேரம் தேடினாள்.

திரையில் வெள்ளை ஓடு வந்தது. குடுவை வந்தது. இரண்டு கைகள் வந்தன.

முதலில் அம்மா பாடத்தைத்தான் பார்த்தாள். தப்பு இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. எழுத்துகள் குறைவாக, தேவையான இடத்தில் மட்டும் இருந்தன. நிறம் மாறும் இடத்தில் படம் வேகம் குறைந்தது. கடைசிச் சொட்டு விழுந்து, இளஞ்சிவப்பு சுழன்று, நின்றது. முப்பது பேருக்குப் பின்னால் நிற்கிற பிள்ளையால் இதை எந்தக் காலத்திலும் பார்த்திருக்க முடியாது. இதில் குடுவையே வீட்டளவு பெரியதாக இருந்தது.

அப்புறம்தான் கையைப் பார்த்தாள்.

இடது கை குடுவையைச் சுழற்றியது. வலது கை திருகில் இருந்தது. அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, பழகாதவர்கள் பலரும் அப்படித்தான் பிடிப்பார்கள். ஆனால் அந்த வலது கையின் சுண்டுவிரல் மட்டும் தனியாக மடங்கி, திருகின் மறுமுனைக்குப் போய், அதை உள்பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தது.

"மறுபடி போடு," என்றாள் அம்மா.

படத்தில் இருந்தது புதிய வகை பியூரெட். பிளாஸ்டிக் திருகு, பின்னால் மரை போட்டு இறுக்கியிருந்தது. இழுத்தாலும் கழன்று வராது. அதைப் போய் ஒரு விரல் காவல் காக்க வேண்டியதில்லை.

பழைய கண்ணாடித் திருகுகள் அப்படி இல்லை. வெறுமனே செருகியிருக்கும். பிடி தவறினால் நழுவி விழுந்துவிடும். இந்த ஆய்வகத்தில் ஒருமுறை அப்படித்தான் விழுந்தது. அப்பாவுக்கு வேலை இருந்த ஒரு சனிக்கிழமை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் கூடவே வந்திருந்த மூத்த குழந்தை, முக்காலியில் ஏறி நின்று, "நான் திறக்கறேன், நான் திறக்கறேன்" என்று குதித்தது. திறந்தாள். திருகு கையோடு வந்துவிட்டது. ஊதா முழுவதும் வெள்ளை ஷூவில்.

குழந்தை அழவில்லை. ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றது. "போயிடுச்சா?" என்று மட்டும் கேட்டது. ஷூவைக் கேட்டதா, வகுப்பைக் கேட்டதா, தெரியவில்லை. சாயந்திரம் ஆக்சாலிக் அமிலத்தில் துணியை நனைத்து அம்மா துடைத்தாள். பழுப்புக் கறை கண்ணெதிரே காணாமல் போனதும், அந்த முகத்தில் வந்த வெளிச்சம்! அடுத்த சனிக்கிழமை, சின்னக் கைக்கு மேல் தன் கையை வைத்து, "இந்தச் சுண்டுவிரல் இங்க இருக்கணும். இவன்தான் வாட்ச்மேன்" என்று சொல்லிக்கொடுத்தாள். அம்மா இடதுகைக்காரி. அவள் இடக்கையால் குடுவையைச் சுழற்றுவாள். வலதுகைக்காரக் குழந்தையும் அப்படியே பழகிக்கொண்டது.

"மறுபடி," என்றாள்.

"தப்பு கண்டுபிடிச்சிட்டாங்கடா," என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"போதும்மா... போதும் மிஸ்!" என்றாள் சின்னவள், மேசைக்கு அடியிலிருந்து எழுந்து. வகுப்பு மொத்தமும் சிரித்தது. பள்ளியில் 'அம்மா' என்று கூப்பிட்டுவிட்டால் அன்று முழுக்க அவளுக்கு அதுதான் பெயர்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "தப்பு ஒண்ணும் இல்ல. சரியா இருக்கு," என்றாள். "யாரு இவங்க?"

"தெரியாது மிஸ். நாங்க நிமிஷ டீச்சர்னு சொல்லுவோம்."

"டீச்சரா?"

"பின்ன மிஸ்?" என்றாள் முணுமுணு. இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. "சொல்லிக் குடுக்கறாங்கல்ல."

அம்மா கரும்பலகைப் பக்கம் திரும்பி அழிக்க ஆரம்பித்தாள். பலகையில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

*

"நீங்க மனசு கஷ்டப்படக் கூடாது," என்றார் தலைமையாசிரியர். நல்ல மனிதர். கஷ்டமான விஷயத்தை எப்போதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வார். "பிள்ளைகளுக்குப் பிடிச்ச வழியில போகட்டுமே. சனிக்கிழமை அந்த அறையைக் கணினிக்காரங்க கேக்கறாங்க."

"அவங்க சொன்னது எல்லாம் நியாயம்தான் சார். நான் இல்லைங்கலை."

அவர் நிமிர்ந்தார். சண்டையை எதிர்பார்த்திருந்தார்.

"பாக்கறாங்க, புரியுது. நான் புரிய வைக்கறதைவிட நல்லாவே புரியுது. ஆனா செய்ய வரல. அந்தக் கடைசிச் சொட்டை நிறுத்தற கை, நின்னு பழகினாத்தான் வரும். நாளைக்கு ஒரு நாள் குடுங்க. அந்தச் சேனல் நடத்தறவங்களையே கூப்பிடறேன்."

"வருவாங்களா? அவங்க யாருன்னே தெரியாதாமே."

"கூப்பிட்டாத்தானே சார் தெரியும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. நாளைக்கு அந்த அறை நிறைஞ்சா வகுப்பு தொடரட்டும். இல்லைன்னா திங்கட்கிழமை சாவியைக் குடுத்துடுங்க."

*

பெரியவள் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மதிய இடைவேளை. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். மற்ற நாளாக இருந்தால் பெரியவள் இந்த நேரத்தில் வெள்ளை ஓட்டைத் துடைத்து, பியூரெட் தாங்கியின் கவ்வியில் கைபேசியைப் பிடிக்க வைத்திருப்பாள். இன்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வரிசையாகப் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு தெருவின் தண்ணீர். ஜன்னல் வெயில் அவற்றின் வழியாக வந்து மேசையில் ஆடியது.

அம்மாவின் ஆய்வகத்திலும் சனிக்கிழமை வெயில் இப்படித்தான் விழும். பெரிய பிள்ளைகள் அவளைத் தூக்கி ஜன்னல் திட்டில் உட்கார வைப்பார்கள். கழுவிய சோதனைக் குழாய்களை அவள்தான் மரச்சட்டத்தில் கவிழ்க்க வேண்டும். ஈரக் கண்ணாடி ஒன்றோடொன்று மோதும் ஓசை, எரிவாயு அடுப்பு பற்றும்போது வரும் மெல்லிய 'புஃப்', தொட்டியில் பழுப்பேறிய கறை. அவளை அவர்கள் 'குட்டி மிஸ்' என்பார்கள். எல்லாம் முடிந்து, அம்மா பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, இருவர் விரல்களும் ஒரே பழுப்பில் இருக்கும். அந்த விரல்களைக் கோத்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள்.

டீச்சர் ஆவதைத் தவிர வேறு எதையும் அவள் நினைத்ததே இல்லை. பட்டம் முடித்து ஆசிரியர் பயிற்சிக்கும் போனாள். முதல் மாதிரி வகுப்பில் எல்லா முகங்களும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தன. வாய் திறந்தது. குரல் வரவில்லை. சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தவள் திரும்பிப் போகவில்லை. அம்மா திட்டவில்லை. "விருப்பமில்லைன்னா வேண்டாம்" என்றாள். அதற்குப் பிறகு, அவளைப் பற்றிப் பேசும்போது 'டீச்சர்' என்ற சொல்லை அம்மா எடுத்ததில்லை.

வீடியோ ஆரம்பித்தது வேறு எதற்காகவோ இல்லை. சின்னவளுக்கு ஒரு சந்தேகம். எழுதிப் புரிய வைக்க முடியாததால், செய்து, படம் பிடித்து அனுப்பினாள். சின்னவள் அதைத் தோழிகளுக்கு அனுப்பினாள். அவர்கள் இன்னும் கேட்டார்கள். யாரும் தன்னைப் பார்க்கவில்லை, தன் கையைத்தான் பார்க்கிறார்கள் என்பது அவளுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

அந்தப் பிள்ளைகள் அம்மாவின் வகுப்பிலிருந்து எழுந்துதான் இங்கே வருகிறார்கள் என்பது அப்போது தோன்றவில்லை.

சாயந்திரம் சேனலை அழித்துவிடுவது என்று முடிவு செய்தாள். முடிவு செய்தபின் பசித்தது. டிபன் பாக்ஸைத் திறந்தாள். மூடி சரியாக மூடாததால் குழம்பு பை முழுக்க ஓடியிருந்தது.

*

பஸ் நிறுத்தத்தில் சின்னவள் காத்திருந்தாள். அக்கா இறங்கியதும் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அக்கா, அம்மா பாத்துட்டாங்க."

"எதை?"

"பெர்மாங்கனேட். பெரிய திரையில. ஒரு தடவ இல்ல, திருப்பித் திருப்பிப் போடச் சொன்னாங்க."

பெரியவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"தெரியல. முகத்துல ஒண்ணும் தெரியல. பேப்பர் திருத்தற முகம் இருக்கே, அது."

"என்ன சொன்னாங்க?"

"சரியா இருக்குன்னாங்க."

பெரியவள் நின்றாள். "சரியா இருக்குன்னு சொன்னாங்களா? அம்மாவா?"

"ஆமா. எனக்கு இந்தப் பத்து வருஷத்துல ஒரு தடவகூடச் சொன்னதில்ல. நீ சும்மா கையைக் காமிச்சு வாங்கிட்ட."

"வாயை மூடு, வாலு." ஆனால் அவள் குரலில் வேறு என்னவோ இருந்தது. கொஞ்ச தூரம் நடந்தாள். "அழிச்சிடப் போறேன். இன்னிக்கே. அம்மா வகுப்பு நின்னா அது என்னாலதான்."

"அழிச்சா? பரீட்சைக்கு இன்னும் எவ்வளவு பாடம் இருக்கு! முணுமுணு அழுதுடுவா. கேப்டன் மறுபடி பியூரெட்டைத் தலைகீழா மாட்டுவான்."

"அவங்க அம்மாகிட்ட போகட்டும்."

"போக மாட்டாங்க. நீயும் இல்லாம, அம்மாவும் இல்லாம, பூனைங்களைப் பாத்துட்டு இருப்பாங்க. அவ்ளோதான்."



*

வீட்டில் விளக்கு போட்டிருந்தது. அம்மா கூடத்தில், மூக்கு நுனியில் கண்ணாடியோடு, ஒற்றை விரலால் கைபேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "டீ ஃபிளாஸ்க்ல இருக்கு," என்றாள்.

பெரியவள் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை. சேனலைத் திறந்து, அமைப்புகளுக்குள் போய், கடைசியில் இருந்த 'நீக்கு' என்ற சொல்லுக்கு மேல் கட்டைவிரலை நிறுத்தினாள்.

கைபேசி அதிர்ந்தது. சேனலுக்கு ஒரு செய்தி.

'மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம். நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். என் மாணவர்கள் உங்களைப் பார்த்துக் கற்கிறார்கள். இன்று நானும் பார்த்தேன். நன்றாக இருந்தது. அவர்களுக்குப் புரிந்திருக்கிறது, கைப்பழக்கம் மட்டும் வரவில்லை. அதற்கு ஒரு மேசையும் பக்கத்தில் ஒரு ஆளும் வேண்டும். மேசை என்னிடம் இருக்கிறது. நாளை சனிக்கிழமை காலை எங்கள் ஆய்வகத்துக்கு ஒருமுறை வர முடியுமா? நீங்கள் பேச வேண்டியதில்லை. செய்து காட்டினால் போதும். பேசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.'

அவள் முதல் வரியை மறுபடி படித்தாள். மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு. அதற்கப்புறம் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

தெரிந்து எழுதியதா? தெரியாமலா? 'பேச வேண்டியதில்லை' என்று முன்பின் தெரியாத ஒருவருக்கு யார் எழுதுவார்கள்? அல்லது, குரலே இல்லாத சேனல் என்பதால் எழுதியிருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா இருமினாள். போய்க் கேட்டால் பத்து அடி. அந்தப் பத்து அடிதான் முடியவில்லை.

எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள்.

'உங்கள் மாணவர்கள் உங்கள் வகுப்புக்கு வராமல் போனதற்கு நான்தான் காரணம். என்னை ஏன் அழைக்கிறீர்கள்?'

கூடத்தில் 'டிங்' என்றது.

அறைக்கும் கூடத்துக்கும் நடுவில், தரையில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்த சின்னவள் தலையைத் தூக்கினாள். அறையைப் பார்த்தாள். கூடத்தைப் பார்த்தாள். புரிந்துபோனது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

கூடத்திலிருந்து ஒற்றை விரல் தட்டும் ஓசை. நெடுநேரம். அறையில் கைபேசி அதிர்ந்தது.

'காரணம் நீங்கள் இல்லை. என் வகுப்பில் இரண்டாம் முறை கேட்பவரைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அது என் காதில் விழாமல் இருந்திருக்கிறது. இனி விழும். நீங்கள் வந்தால் எனக்குப் பக்கபலமாக இருக்கும்.'

"பெரியவளே!" என்று கூடத்திலிருந்து அம்மாவின் குரல், எதுவும் நடக்காததுபோல. "நாளைக்கு உனக்கு லீவுதானே?"

"ஆமாம்மா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. ஸ்கூலுக்கு ஒருத்தங்களைக் கூப்பிட்டிருக்கேன். வருவாங்களான்னு தெரியல. வந்தா அவங்களுக்கு ஒரு டீ குடுக்க ஆள் வேணும்."

"வருவாங்களாம்மா?"



"வந்தா நல்லா இருக்கும்," என்றாள் அம்மா.

சின்னவள் புத்தகத்தை முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

பெரியவள் 'நீக்கு' இருந்த பக்கத்தை மூடினாள். முகங்களை நினைத்துப் பார்த்தாள். மேசையைச் சுற்றி நிற்பார்கள். அவள் குனிந்து குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பக்கத்தில் அம்மா பேசிக்கொண்டிருப்பாள். முடியலாம். அப்படி என்றால் முடியலாம்.

'வருகிறேன்' என்று ஒரே சொல்லை எழுதி, யோசிப்பதற்குள் அனுப்பினாள்.

டிங்.

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. அம்மா எழுந்து நின்றிருக்க வேண்டும். பிறகு உட்கார்ந்திருக்க வேண்டும். தட்டும் ஓசை மறுபடி கேட்டது, இந்த முறை வேறு யாருக்கோ. தலைமையாசிரியருக்கும் வகுப்புக் குழுவுக்கும் என்று சின்னவள் ஊகித்தாள்.

கொஞ்ச நேரத்தில் சின்னவளின் கைபேசியே தொடர்ந்து அலற ஆரம்பித்தது. வகுப்புக் குழு. நிமிஷ டீச்சர் வர்றாங்களாம். நிஜமாவா? முகம் தெரியுமா? நான் முதல் வரிசை. பக்கத்துப் பிரிவும் வருது. கேப்டன் அணி மொத்தத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறானாம். முணுமுணு வெறும் இதயமாக அனுப்பியிருந்தாள்.

"அக்கா, அறை நிறையும்!" என்று கத்தியேவிட்டாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "அதாவது... அம்மா, அறை நிறையும்மா!" என்று திருத்தினாள்.

அப்போதுதான் தலைமையாசிரியரின் அறிவிப்பு வந்தது. சின்னவள் அதைச் சத்தமாகப் படித்தாள். பாதியில் குரல் மெலிந்தது.

"'நாளை காலை, மாணவர்களின் பெரும் ஆர்வத்தை முன்னிட்டு, நிகழ்ச்சி ஆய்வகத்திலிருந்து பெரிய அரங்கத்துக்கு மாற்றப்படுகிறது. எல்லா வகுப்பினரும் வரலாம். சிறப்பு விருந்தினராக வருகை தரும் நிமிஷ டீச்சர்... மேடையில்... மாணவர்களிடையே உரையாற்றுவார்.'"



அறைக்குள் பெரியவள் எழுந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அரங்கம், மேடை, மைக். எல்லா முகங்களும் ஒரே நேரத்தில்.

"நான் அப்படிச் சொல்லலையே!" அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அறைப் பக்கம் வேகமாக இரண்டு எட்டு வைத்தாள். "நீ பேச வேண்டாம்னுதானேடி நான் எழுதினேன்!"

சொல்லி முடித்த பிறகுதான், யாரிடம் சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

கதவருகே மகள் நின்றாள். எதிரே அம்மா நின்றாள். இருவர் கையிலும் கைபேசி வெளிச்சமாக இருந்தது. இரண்டிலும் ஒரே உரையாடல் திறந்திருந்தது.